36 சதுர மைலில் 200 பேர்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் தென்மேற்குப் பக்கத்தில் லயன் கவுண்டி இருக்கிறது, கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அதற்குள் 20 டவுன்ஷிப்கள், அதில் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒரு டவுன்ஷிப் என்றால் 6 மைல் நீளம், 6 மைல் அகலம், அதாவது 36 சதுர மைல் நிலம், நம் கணக்கில் சுமார் 93 சதுர கிலோமீட்டர். 2011க்கு முந்தைய சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள், அதில் பாதிக்கும் மேல். அவ்வளவு இடத்தில் எங்கள் டவுன்ஷிப்பில் இருநூறு பேர்கூட இல்லை. கடை கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது, தெருவிளக்கு கிடையாது. ஒரு டவுன் ஹால் உண்டு, ஒரு தேவாலயமும் அதை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டமும் உண்டு. மீதி எல்லாம் சோளக்காடும் சோயாவும்தான் (சோளம் என்று நான் சொல்வது மக்காச்சோளம்).

2020 கணக்கெடுப்பில் லயன் கவுண்டி முழுவதற்கும் 25,269 பேர். அதில் 13,628 பேர் மார்ஷல் நகரத்திலேயே இருக்கிறார்கள். பல்கலைக்கழகம், உறைந்த உணவுக் கம்பெனி, சோளத்திலிருந்து ஸ்டார்ச்சும் சிரப்பும் எடுக்கிற ஆலை, வான்கோழி இறைச்சி ஆலை எல்லாம் அங்கேதான். எங்களுக்கும் வேலை அங்கேதான். ஆனால் நகரத்தில் வாடகைக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை, அப்போதுதான் கிராமப்புறத்தில் ஒரு பழைய பண்ணை வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டோம். நிலத்தைப் பக்கத்து விவசாயி வாங்கிக்கொண்டார், வீடும் கொட்டகையும் சுற்றியிருக்கிற மரத்தோப்பும் அஞ்சு ஏக்கரும் எங்களுக்கு.

அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "அக்கம்பக்கத்துல யாரு இருக்கா?" மன்னார்குடிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நியாயமான கேள்வி. சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, இந்த வீட்டில் தாளிக்கிற வாசனை அந்த வீட்டுக்குப் போகும், அவர்கள் வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நமக்குத் தெரிந்திருக்கும். "இருக்காங்கம்மா, கிழக்கால முக்கால் மைல் தள்ளி ஒரு வீடு இருக்கு" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவ?" என்றார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது நிலத்தை அளந்த விதத்திலேயே இருக்கிறது. 1785இல் அமெரிக்கா போட்ட நிலச் சட்டத்தின்படி மேற்குப் பக்க நிலங்களை எல்லாம் ஆறு மைல் சதுரங்களாக வெட்டிவிட்டார்கள், ஆறும் ஏரியும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று 36 செக்‌ஷன்கள், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். எண் போடுவது வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போகும், அடுத்த வரிசையில் திரும்பிக் கிழக்கே வரும், ஏர் ஓட்டுகிறவர் கடைசி வரை போய் மாட்டைத் திருப்பிக்கொண்டு வருவது மாதிரி. எங்கள் பகுதிக்கான அளவு எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? தெற்கே ஆர்கன்சாவில் ஒரு சதுப்பு நிலத்தில் 1815இல் குறித்த ஒரு புள்ளியிலிருந்து. அங்கிருந்து வடக்கே எண்ணிக்கொண்டே வந்தால் நூற்றுப் பத்தாவது வரிசைக்குப் பக்கத்தில் எங்கள் கவுண்டி வரும்.

அதனால் மைலுக்கு ஒரு சாலை, எல்லாம் நேர்க்கோடு. ஆனால் பூமி உருண்டை, வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும், சதுரம் சதுரமாகவே இருக்க முடியாது. அதைச் சரிக்கட்ட சில இடங்களில் கோட்டைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த மாதிரி இடங்களில் நேராகப் போகிற சாலை திடீரென்று பக்கவாட்டில் ஒடிந்து மறுபடி நேராகும். பனிக்காலத்தில் இரவு வண்டி ஓட்டுகிற யாரையும் இங்கே முதலில் எச்சரிப்பது இதைப் பற்றித்தான்.

இந்த நிலம் காலியாக இருந்து ஐரோப்பியர்கள் வந்து நிரப்பியதல்ல. இது டகோட்டா என்கிற பூர்வகுடி மக்களின் நிலம். 1851இல் டிராவர்ஸ் தே சியூ உடன்படிக்கையில் தெற்கு மினசோட்டாவின் பெரும்பகுதியை அவர்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள், கொடுக்க வேண்டிய பணமும் தானியமும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, பட்டினி, 1862இல் போர். அந்த வருடம் டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள், மற்றவர்களை மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். அதே 1862இல்தான் ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்கிற ஹோம்ஸ்டெட் சட்டமும் வந்தது. ஈழத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக வயலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இங்கே வீடு வாங்கியவன், இதைத் தெரிந்துகொண்டுதான் குடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வந்தவர்கள் தங்கள் ஊரையும் பெயரில் கொண்டு வந்தார்கள். எங்கள் கவுண்டியின் டவுன்ஷிப்களில் ஐட்ஸ்வோல்ட், நார்ட்லண்ட், வெஸ்டர்ஹைம் எல்லாம் நார்வேக்காரர்கள் வைத்தவை. மினியோட்டா பக்கம் ஐஸ்லாந்துக்காரர்கள் வந்தார்கள். கெண்ட் என்கிற சிற்றூருக்கு பெல்ஜியத்துக் கத்தோலிக்கர்கள் 1880களில் வந்து சேர்ந்தார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் ரோலி போலி என்று ஒரு சக்கரம் உருட்டும் விளையாட்டை அங்கே ஆடுகிறார்கள். மொழி போய்விட்டது, விளையாட்டு மிஞ்சியிருக்கிறது. என் பிள்ளைகளிடம் என்ன மிஞ்சும் என்ற யோசனை அதைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது தண்ணீர் விஷயம். நான் காவிரிக் கடைமடையில் பிறந்தவன். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா, திறந்தால் நம் வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் வரும், முறை வைத்து விடுவார்களா என்பதே எங்கள் வீட்டுப் பேச்சு. இங்கே தண்ணீரை வெளியேற்றுவதுதான் விவசாயத்தின் பாதி வேலை. பனிப்பாறைகள் விட்டுப்போன குண்டும் குழியுமான ஈரப் புல்வெளி இது, வசந்தத்தில் பனி உருகினால் வயலில் குளம் கட்டும், ஏப்ரல் கடைசியில் விதைக்க முடியாது. அதனால் வயலுக்கு அடியில் சில அடி ஆழத்தில் வரிசை வரிசையாகக் குழாய் புதைத்திருக்கிறார்கள். பழைய நாளில் சுட்ட களிமண் குழாய், இப்போது ஓட்டை போட்ட கறுப்பு பிளாஸ்டிக் குழாய். பெயர் மட்டும் இன்றும் டைல்தான். மண்ணில் மிகுந்த நீர் அதில் இறங்கி, சாலையோர வடிகாலுக்குப் போய், ரெட்வுட் ஆற்றிலோ காட்டன்வுட் ஆற்றிலோ எல்லோ மெடிசின் ஆற்றிலோ சேர்ந்து, வடகிழக்கே மினசோட்டா ஆற்றுக்குப் போகும். கவுண்டியின் தென்மேற்கு மூலை மேடு, அங்கிருந்து நிலம் வடகிழக்கே சாய்கிறது, கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஒருவர் புதிதாக டைல் போட்டால் அது யார் வயலில் போய் வடியும் என்று இங்கேயும் சண்டை வரும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது "வேண்டாம்ணு தண்ணிய வெளிய விடறாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார், அவரால் நம்ப முடியவில்லை.

சரி, ஆட்களுக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்றால் ஒரு செக்‌ஷனில் நாலு குடும்பம். குடும்பத்துக்கு ஆறேழு பிள்ளைகள். சில மைலுக்கு ஒன்று என்று ஒரே அறை கொண்ட பள்ளிக்கூடங்கள் இருந்தன, பள்ளிகளின் செலவுக்காக ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம், 36ஆம் செக்‌ஷன்களை மாநிலத்துக்கே ஒதுக்கியிருந்தார்கள். பிறகு டிராக்டர் வந்தது, கம்பைன் என்கிற பெரிய அறுவடை இயந்திரம் வந்தது, விலை விழுந்த வருடங்கள் வந்தன. கிழக்கு வீட்டுப் பெரியவரும் அவர் மகனும் இப்போது இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பார்க்கிறார்கள், அந்த நிலத்தில் ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்திருக்கும். அமெரிக்க விவசாயியின் சராசரி வயது 2022 வேளாண் கணக்கெடுப்பில் 58.1. எங்கள் டவுன்ஷிப்பில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

போன குடும்பங்களை நிலத்தில் இன்னும் பார்க்கலாம். சமவெளியில் தூரத்தில் தெரிகிற ஒவ்வொரு மரத்தோப்பும் ஒரு வீடு. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிற காற்றைத் தடுக்க வீட்டைச் சுற்றி நட்ட மரங்கள். முதலில் நான் அப்படி எண்ணிப் பார்த்து, பரவாயில்லை, நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிழக்கு வீட்டம்மா தன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று காட்டினார். பல தோப்புகளுக்குள் வீடே இல்லை. சிலவற்றில் தீவனம் சேர்த்து வைக்கிற உயரமான சைலோ மட்டும், சிலவற்றில் இடிந்த அஸ்திவாரம், ஒன்றில் வேலியோரம் லைலாக் செடி மட்டும் பூத்துக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் இது இன்னார் இடம் என்று அவர் குடும்பப் பெயர் சொல்லித்தான் காட்டினார், அந்தக் குடும்பம் போய் நாற்பது வருடம் ஆகியிருந்தாலும். எங்கள் வீட்டுக்கும் இங்கே எங்கள் பெயர் கிடையாது, பழைய குடும்பத்தின் பெயர்தான். பிளாட் புக் என்று ஒன்று விற்கிறார்கள், டவுன்ஷிப்புக்கு ஒரு வரைபடம், எந்தத் துண்டு யாருடையது என்று அதிலேயே பெயர் அச்சிட்டிருக்கும். யார் எங்கே என்று அதை வைத்துத்தான் நான் மனப்பாடம் செய்தேன். இங்கே புதிதாக வருகிற யாரும் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

அம்மாவின் கேள்விக்கு ஜனவரியில் பதில் வந்தது. பனி விழுவதுகூடப் பிரச்சினை இல்லை, விழுந்த பனியைக் காற்று தூக்கி அடித்துக் குவிக்கும், அப்போது முன்னால் நிற்கிற வண்டி தெரியாது. மாநில நெடுஞ்சாலையை முதலில் ஒதுக்குவார்கள், அப்புறம் கவுண்டி சாலை, டவுன்ஷிப்பின் சரளைக்கல் சாலை கடைசி. எங்கள் வீட்டிலிருந்து சாலைக்குப் போகிற பாதையில் இடுப்பளவு குவிந்திருந்தது. விடியும்போது டிராக்டர் சத்தம். கிழக்கு வீட்டுப் பெரியவர், பனி ஊதும் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு, கேட்காமலேயே வந்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் வெளியே ஓடி நன்றி சொன்னேன். கேஸ் டாங்கில் எவ்வளவு இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறதா, குழந்தைகளுக்கு மருந்து ஏதாவது வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டார், போய்விட்டார். அவர் மனைவி மாலையில் போன் செய்து மறுபடி அதையே கேட்டார். தீ பிடித்தால் வருகிறவர்களும் பக்கத்துச் சிற்றூரின் தன்னார்வலர்கள்தான், அதற்கு டவுன்ஷிப் ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டுகிறது. ஒரு விஷயம் மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். 1968 ஜூனில் இதே கவுண்டியின் டிரேசி ஊரில் டொர்னேடோ என்கிற சுழல் சூறாவளி 9 பேரைக் கொன்றது. ஊரில் சைரன் ஊதினாலும் எங்கள் வீடு வரை கேட்காது, அதனால் வானிலை ரேடியோ ஒன்று எப்போதும் படுக்கையறையில் இருக்கும்.

இந்த இருநூறு பேருக்கும் ஒரு அரசு உண்டு. மூன்று சூப்பர்வைசர்கள், ஒரு கிளார்க், ஒரு பொருளாளர். சாலை, சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற மதகு, களை, வேலித் தகராறு, இவ்வளவுதான் பொறுப்பு. மினசோட்டா டவுன்ஷிப்கள் எல்லாம் மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஆண்டுக் கூட்டம் போடும். அன்று ஊர்க்காரர்களே நேரில் வந்து அடுத்த வருடம் எவ்வளவு வரி என்று கை தூக்கி முடிவு செய்வார்கள். நம் கிராமசபை மாதிரிதான், ஆனால் வரியின் அளவே சபையில் முடிவாகிறது. நான் போனபோது இருபது பேர்கூட இல்லை, பெரிய காபிப் பாத்திரம், வீட்டில் செய்த இனிப்புத் துண்டுகள். ஒரு லோடு சரளை என்ன விலை என்பதை ஒரு மணி நேரம் பேசினார்கள், ஒவ்வொரு டாலருக்கும் கேள்வி வந்தது. நான் குடிமகன் இல்லை, எனக்கு ஓட்டு இல்லை, உட்கார்ந்து கேட்கலாம்.

அங்கேதான் கிளார்க் ஒரு விஷயம் சொன்னார். பெட்ரோல் வரியிலிருந்து டவுன்ஷிப் சாலைகளுக்கு மாநிலம் தருகிற பணத்தைப் பிரிக்கும்போது சாலையின் நீளத்தோடு மக்கள் தொகையையும் பார்க்கிறார்கள். கணக்கெடுப்பில் ஆள் குறைந்தால் பங்கும் குறையும், சாலையின் நீளமோ குறையாது. நாங்கள் நாலு பேர் வந்தது இந்த ஊருக்கு ஒரு நூற்றுக்கு இரண்டு பேர் கூடியது மாதிரி. சென்னையில் நாலு பேர் குடிவந்ததை யாரும் கணக்கில் வைக்க மாட்டார்கள். இங்கே கிளார்க் என்னிடம் வந்து, 2030இல் படிவம் வந்தால் தவறாமல் நிரப்ப வேண்டும், குழந்தைகளையும் சேர்த்து எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குறை இல்லாமல் இல்லை. உளுந்தும் நல்லெண்ணெயும் வாங்கப் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரத்துக்குப் போக வேண்டும், சுமார் 90 மைல். குழந்தைகள் பள்ளி பஸ்ஸில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் பேச வீட்டுக்கு வெளியே ஆள் இல்லை. இது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன், வேலை வீட்டிலிருந்து என்றால் தனிமை அழுத்திவிடும். ஆனால் சரளைச் சாலையில் எதிரே வருகிற எந்த வண்டியும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்காமல் போனதில்லை, நானும் இப்போது தூக்குகிறேன், பெரும்பாலும் அது யார் என்று தெரிந்தே தூக்குகிறேன்.

அடுத்த மார்ச் கூட்டத்தில் தெற்குப் பக்கத்து மதகு வருகிறது. பள்ளி பஸ் அதன் மேல்தான் போகிறது, கான்கிரீட் உதிர்கிறது, மாற்றினால் வரி ஏறும், ஏறினால் நிலம் அதிகம் உள்ளவர்கள் அதிகம் கட்ட வேண்டும். பெரியவர் வேண்டாம் என்கிறார், மகன் வேண்டும் என்கிறார். ஓட்டு இல்லாவிட்டாலும் பேச அனுமதி கேட்டு கிளார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.