110 பவுண்டில் நின்ற முள்

நேற்று ராத்திரி அண்ணன் மகள் தன் பார்பியின் இடுப்பை இரண்டு விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தாள். "அத்தை, எனக்கு மட்டும் ஏன் தொப்பை இருக்கு?" ஆறு வயதுதான் ஆகிறது. ஊட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

1965-இல் 'ஸ்லம்பர் பார்ட்டி' பார்பி என்று ஒன்று வந்தது. கூடவே எடை பார்க்கும் குட்டி மெஷின். அதன் முள் எப்போதும் 110 பவுண்டில், அதாவது சுமார் 50 கிலோவில் நிற்கும். எடை குறைப்பது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகமும் உண்டு. பின்னட்டையில் ஒரே அறிவுரை: சாப்பிடாதே! குழந்தைகள் விளையாடும் சாமானில் இதை வைத்து விற்றிருக்கிறார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதே ஆண்டு விண்வெளி வீராங்கனை பார்பியும் வந்தது, நிலவில் மனிதன் கால் வைப்பதற்கு நாலு வருஷம் முன்பே. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விண்வெளி உடைக்குள்ளும் அதே இடுப்புதானே? கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்போடு பார்பி வர 2016 ஆகிவிட்டது.

"உன் வயிறு நல்ல வயிறும்மா" என்றேன். பதில் சொல்லவில்லை. மீதிச் சோறு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள்.