கொடை லைவ் போடுதவங்களுக்கு ஒரு வார்த்தை

எங்கூரு அம்மன் கொடையை லைவ் போட ஆரம்பிச்சதே மும்பையிலயும் துபாய்லயும் கெடக்க நம்ம ஆளுகளுக்காகத்தான். முத வருசம் ஒரே சிம்மை நம்பி ஆர்டிஎம்பில (வீடியோவை லைவா அனுப்புத பழைய முறை) விட்டோம், சாமக்கொடைக்கு சாமியாடுத நேரம் கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கவும் டவர் தெணறி படம் அப்படியே நின்னுட்டு. மும்பையில இருந்து அத்தை போன் போட்டு அழுதா, இன்னும் மனசுல கெடக்கு.

விசயம் என்னன்னா ஆர்டிஎம்பி ஓடுறது எல்லாத்தையும் வரிசையாச் சேக்குத டிசிபி மேல, ஒரு பாக்கெட் (டேட்டாத் துண்டு) தொலைஞ்சா அது திரும்ப வந்து சேருற வரைக்கும் பின்னால வந்ததெல்லாம் காத்துக் கெடக்கணும். எஸ்ஆர்டிங்கிற இன்னொரு முறை வரிசைக்குக் காத்து நிக்காத யூடிபி மேல ஓடுது, தொலைஞ்சதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கும், நாம குடுத்த லேட்டன்சிக்குள்ள (காத்திருக்க நேரம்) வரலைன்னா அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரும். அந்த லேட்டன்சி டீபால்ட்டா 120 மில்லிசெகண்ட், மொபைல் நெட்டுக்கு பத்தவே பத்தாது, பிங்கை (டேட்டா சர்வருக்குப் போயிட்டுத் திரும்புத நேரம்) போல நாலு மடங்காவது வைங்க. நான் 2000 வைக்கேன், வில்லுப்பாட்டு கேக்கவங்களுக்கு ரெண்டு செகண்ட் பிந்துனா என்ன இப்போ?

மும்பையில ஒரு சின்ன கிளவுட் சர்வர் வரைக்கும் எஸ்ஆர்டி, அங்கேருந்து யூடியூப்புக்கு ஆர்டிஎம்பிஎஸ் (பூட்டுப் போட்ட ஆர்டிஎம்பி), கீஃப்ரேம் (முழுசா அனுப்புத படம்) 2 செகண்டுக்கு ஒண்ணு. ஆனா எதை மாத்துனாலும் சரி, மொதல்ல கேபிளை இழுங்க. கோயில் பக்கத்து வீட்டு பைபர்ல இருந்து லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாராளமா வரும், சிம்மு அதுக்குப் பின்னால துணைக்குத்தான். அப்லோடு வேகத்துல பாதிக்கு மேல பிட்ரேட் (செகண்டுக்கு அனுப்புத வீடியோ டேட்டா) ஏத்தாதீங்க. அந்த வீட்டு மோடத்துக்கும் ஒரு யூபிஎஸ் குடுத்துருங்க, கரண்டு போனா அதுவும் சேந்து படுத்துரும்.