செவுத்துக்கு இந்தப் பக்கம்

திருப்பூர்ல நாங்க மூணு வருஷம் இருந்தது ஒரு லைன் வீடு. வரிசையா பத்து வீடு, நடுவுல மெல்லிசான செவுரு, பக்கத்து வீட்டுல தட்டு கீழ விழுந்தாக்கூட நம்ம வீட்டுல விழுந்த மாதிரி கேக்கும். அடுத்த வீட்டுப் பொண்ணு பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. வாரச் சம்பளம், சனிக்கிழமை தருவாங்க. அடி விழறதும் சனிக்கிழமை ராத்திரிதான்.

சம்பளக் கவர அவ புருஷன் வாசல்லயே நின்னு வாங்கிக்குவான். ஏன்னு கேட்டா அடி, கேக்காம விட்டு வீட்டுல அரிசி தீர்ந்துபோனா அதுக்கும் அடி. ஆதார், ரேஷன் கார்டு, பையன் பர்த் சர்டிபிகேட் எல்லாம் பீரோவுல, சாவி அவன்கிட்ட. "இவ ஏன் இன்னும் இவன்கூட இருக்கா, கெளம்பிப் போயிட வேண்டியதுதான"ன்னு நானே பேசியிருக்கேன், அவ கையில பஸ்ஸுக்குக் கூட காசு இல்லைங்கறத யோசிக்காம. ஒருவாட்டி அண்ணன் வீட்டுக்குப் போனா, நாலாம் நாள் அவரே கொண்டாந்து விட்டுட்டு "கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அப்புறம் கன்னத்துல விழுந்த அறையில காது ஜவ்வு கிழிஞ்சுடுச்சு. டாக்டர்கிட்ட பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னாளாம். மிஷின் சத்தத்துல சூப்பர்வைசர் கூப்பிடறது கேக்காம தினமும் திட்டு, கடைசில வேலையும் போச்சு. பையனுக்கு அப்ப ஆறு வயசு. அப்பனோட எக்ஸ்எல் வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டாலே, விளையாடிட்டு இருக்கறவன் ஓடிப்போயி எங்க வீட்டுக் கட்டிலுக்கடியில படுத்துக்குவான். ஸ்கூல்ல வாயே தொறக்க மாட்டேங்கறான்னு டீச்சர் சொல்லி விட்டாங்க.

நாங்க என்ன பண்ணோம்னா, டிவி சத்தத்தக் கூட்டி வச்சோம். பத்து வீட்டுலயும் அதேதான். "புருஷன் பொண்டாட்டி விஷயம், நாம உள்ள போனா நாளைக்கு அவங்க ஒண்ணாயிடுவாங்க, நாமதான் கெட்டவங்க"ன்னு வீட்டுக்கார அம்மா சொன்னாங்க, நானும் தலையாட்டுனேன்.

அதுல எனக்குத் தெரியாம போனது ஒண்ணு இருக்கு. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல நாலாவது பிரிவு, பாதிக்கப்பட்டவங்கதான் சொல்லணும்னு இல்ல, இப்படி நடக்குதுன்னு நம்ப காரணம் இருக்கற யார் வேணா பாதுகாப்பு அலுவலர்கிட்ட தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்துல சொன்னா நம்ம மேல ஒரு கேஸும் வராதுன்னு சொல்லுது. அந்த அலுவலர் மாவட்ட சமூகநல அலுவலகத்துல இருப்பாங்க. பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணாலும் போதும். அடிக்கறது மட்டும் இல்லைங்க, கேவலமாப் பேசறது, சம்பளத்தப் புடுங்கிக்கறது எல்லாமே அந்தச் சட்டத்துல வன்முறைதான். வீடு யார் பேர்ல இருந்தாலும் சட்டப்படி இல்லாம அவள வெளிய தள்ள முடியாது, வக்கீலும் இலவச சட்ட உதவில கெடைக்கும். இதெல்லாம் கண்ணு முன்னாடி இருந்திருக்கு, நான் ரிமோட்ட எடுத்துட்டு இருந்திருக்கேன்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல கல்யாணம் ஆனவங்கள்ல 38 சதவீதம் பேரு புருஷன்கிட்ட வன்முறை பட்டிருக்காங்கன்னு வருது. எங்க லைனுக்குக் கணக்குப் போட்டா நாலு வீடு. ஒரு வீட்டுச் சத்தம்தான எனக்குக் கேட்டுச்சு, மத்த மூணு வீட்டுல என்ன பண்ணி அடக்கிட்டாங்கன்னு நெனச்சா இன்னிக்கும் வயித்தப் பெசையுது.

181 நம்பர அவளுக்குக் குடுத்தது கூட நான் இல்ல, கம்பெனில கூட வேலை பார்த்த ஒரு டைலர் அக்கா. கேஸ் நடந்துச்சு, அவன் கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு வாங்கிட்டா, இப்ப வேற கம்பெனி, சம்பளக் கவர் அவ கையில. போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். மன்னிச்சுக்கோம்மான்னேன். "நீங்க டிவி சத்தத்தக் கூட்டுனது எனக்கும் கேக்கும்க்கா"ன்னா, கோவமா இல்ல, சாதாரணமா. நான் ஒண்ணும் பேசல.

பையனுக்கு ஒம்பது வயசாச்சு. சாப்டுட்டு இருந்தான். வெளிய எதோ எக்ஸ்எல் போச்சு, கையில சோத்த வச்சுக்கிட்டே அப்படியே நின்னுட்டான், வண்டி தெருவத் தாண்டிப் போற வரைக்கும்.