மங்காவும் மாங்காய்ப் பூட்டும்

"நாக் மங்கா?" மங்கா வேண்டுமா என்று மலாயில் கேட்டார் தவுக்கே, கடை முதலாளி. நான் கேட்டிருந்தது பூட்டு. பெயிண்ட் டப்பாவும் ஆணிப் பெட்டியும் தண்ணீர்க் குழாயும் அடைந்து கிடக்கிற சாமான் கடையில் மாங்காய் எங்கிருந்து வந்தது என்று திகைத்து நின்றேன். அவர் கொக்கியிலிருந்து ஒரு தொங்கு பூட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "மங்கா" என்றார் மறுபடியும். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "பூட்டு தங்கச்சி, பூட்டு."

மலாயில் மாம்பழத்துக்கும் மங்காதான், தொங்கு பூட்டுக்கும் மங்காதான். பழத்தின் பேர் நம் மாங்காயிலிருந்து கடல் தாண்டிப் போனது. கடை அங்கே கெடாய், கப்பல் காப்பால், பெட்டி பெத்தி. இதெல்லாம் மலேசியாவுக்கு வந்த புதிதிலேயே எனக்குத் தெரியும். பூட்டுக்கும் அதே பேர் என்பது மட்டும் மூன்று வருடமாகக் காதில் விழவே இல்லை. நானோ திண்டுக்கல்காரி. பூட்டுப் பட்டறைக்காரர் வீட்டுப் பெண். எங்கள் ஊரில் மாங்காய்ப் பூட்டு என்றே ஒரு பூட்டு உண்டு. மேலே அகன்று கீழே குறுகி, உள்ளங்கையில் மாங்காய் மாதிரியே உட்காரும். அந்தக் கடையில் நின்றபடி எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அங்கே போன காரணத்தைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அத்தையின் கைப்பை தொலைந்துவிட்டது. பணம் அதிகமில்லை. ஆனால் உள்ளே அவருடைய ஐசி என்கிற அடையாள அட்டையும் வாசல் சாவியும் இருந்தன. இங்கே ஐசியில் வீட்டு முகவரி அச்சிட்டிருக்கும். சாவியையும் முகவரியையும் ஒரே பையில் போட்டு யாருக்கோ கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் ஈப்போவில் இரவு ஷிப்ட். இங்கே சுங்கை சிப்புட் ஊரில், வீட்டில் நானும் அத்தையும்தான்.

"மொத்தப் பூட்டையும் மாத்திடுங்க" என்றார் எதிர் வீட்டுக்காரர். இன்னொருவர் ஒரு படி மேலே போய், மரக்கதவே வேண்டாம், இரும்புக் கதவு போடுங்கள் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அது பழைய மெராந்தி மரக் கதவு. அடிப்பக்கம் மழைச் சாரல் பட்டு வெளுத்திருக்கிறது, மற்றபடி குத்துக்கல் மாதிரி இருக்கிறது. அதில் பதித்திருக்கிற பூட்டின் உடம்பிலும் ஒரு பழுது இல்லை. சாவி தொலைந்தால் மாற்ற வேண்டியது சாவி நுழைகிற சிலிண்டரை மட்டும்தான். ஊருக்குப் போன் போட்டு, "சிலிண்டர் மாத்தணும்மா" என்றேன். "நேத்துத்தானே பேசினோம், கேஸ் தீர்ந்ததைச் சொல்லவே இல்லையே" என்றாள் அம்மா. அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பும் வந்தது, வீட்டு ஞாபகமும் வந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். கதவைத் திறந்துவைத்து அதன் விளிம்பைப் பார்த்தால் பூட்டின் நாக்கு வெளியே வருகிற நீளத் தகடு தெரியும். சாவித் துவாரத்துக்கு நேராக அதில் ஒரே ஒரு நீளத் திருகாணி. அதுதான் சிலிண்டரைப் பிடித்து நிறுத்துவது. எங்கள் கதவில் அதன் தலையில் பல வருடப் பெயிண்ட் படிந்திருந்தது. சுரண்டி எடுத்து, திருகாணியை முழுசாக வெளியே எடுத்தேன். அப்போதும் சிலிண்டர் வராது. இழுத்துப் பார்த்துவிட்டுச் சுத்தியலைத் தேடுவார்கள், தேவையே இல்லை. சிலிண்டரின் நடுவில் ஒரு சின்னக் காது துருத்திக்கொண்டிருக்கும். பூட்டின் நாக்கைத் தள்ளுவது அந்தக் காதுதான். என்னிடம் இருந்த சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் காது சிலிண்டருக்குள் அடங்கியது. அப்படியே இழுத்தேன், வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

இப்போது கதவில் ஒரு ஓட்டை. அதைக் காவல் காக்க அத்தை நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். "நீ போயிட்டு வாம்மா. தோட்டத்து லய வீட்டுல நாங்க கதவ சாத்துனதே கெடையாது" என்றார். பழைய சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு நான் கடைக்குப் போனது அப்போதுதான்.

தவுக்கேயிடம் அதை எடுத்துக் காட்டினேன். உதவிக்கு நின்ற பையன் உடனே ஒன்றைக் கொண்டுவந்தான். "எல்லா வூட்டுக்கும் இதுதான்கா." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் தந்தது 70 மில்லிமீட்டர். எங்களுடையது திருகாணித் துளையின் நடுவிலிருந்து இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30, மொத்தம் 60. பத்து மில்லிமீட்டர்தானே என்று விடக் கூடாது. வெளிப்பக்கம் சிலிண்டர் துருத்திக்கொண்டு நின்றால், இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடுவார்கள். திருகாணித் துளை இருக்கிற நடுப்பகுதிதான் அதன் மெலிந்த இடம், அங்கேதான் முறியும். சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கிற தகட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தெரியக் கூடாது. தவுக்கே தானே உள்ளே போய்த் தேடி 60 ஒன்றை எடுத்துவந்தார். ஐந்து பின், மூன்று சாவி. "தங்கச்சி பூட்டுக்கார வூடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி எனக்கு இனித்தது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. "பசியாறியாச்சா?" என்று விசாரித்தால் இட்லிக்காக ஏங்காமல் பதில் சொல்கிறேன். காசை வெள்ளி என்று எண்ணுகிறேன். நாலு மணி மழைக்கு மூன்றரைக்கே துணி எடுக்கிறேன். ஆனால் கையில் ஒரு பூட்டு வந்ததும் பழகினதெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. பட்டறையில் அப்பா அரத்தால் ராவுகிற சத்தம்தான் என் பள்ளிக்கூட நாட்களின் சத்தம். பித்தளைத் தூள் அவர் முன்கை மயிரில் மினுங்கும். லீவர் பூட்டுக்குள் தகடு தகடாக அடுக்கியிருப்பார். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகர வழி கிடைக்கும், ஒன்று மயிரிழை தப்பினாலும் நகராது. இந்தச் சிலிண்டரில் தகட்டுக்குப் பதில் பின்கள். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. எல்லாத் துண்டுகளின் இடைவெளியும் ஒரே கோட்டுக்கு வந்தால்தான் சுற்றும். வேறு வேறு வித்தை, ஒரே கணக்கு. பூட்டை முடித்ததும் அப்பா காதோரம் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புவார். சத்தம் பிடிக்கவில்லை என்றால் திரும்பப் பிரித்துவிடுவார். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பாவின் பட்டறை மூடி இரண்டு வருடமாகியிருந்தது. அலிகார் பூட்டு மலிவாக வந்து குவிந்தது, கூடமாட வேலை செய்ய ஆளும் கிடைக்கவில்லை. அன்றைக்குச் செய்தித்தாளை மடித்து அரப்பெட்டிக்குள் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து புதுச் சிலிண்டரை நுழைத்து, திருகாணியைப் போட்டேன். திறந்த கதவில் சாவி அருமையாகச் சுற்றியது. கதவைச் சாத்தினால் திருப்பவே முடியவில்லை. இதில்தான் பலர் ஏமாந்து, சிலிண்டர் சரியில்லை என்று கடையில் போய்ச் சண்டை போடுவார்கள். திறந்திருக்கும்போது சுற்றுகிற சாவி சாத்தினால் இறுகுகிறது என்றால் கோளாறு கதவில்தான். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு கொஞ்சம் தொங்கியிருந்தது. நாக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்க, எண்ணெயில் குழைத்த குங்குமத்தை அதன் நுனியில் தடவி, கதவைச் சாத்தித் திருப்பிப் பார்த்தேன். "பூட்டுக்கும் பொட்டு வெச்சாச்சா!" என்று அத்தை பையைத் தொலைத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். நிலையில் பதித்த தகட்டின் கீழ் விளிம்பில் சிவப்பு ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் பாராங் கத்தி தீட்ட வைத்திருந்த அரத்தை வாங்கிவந்து ராவினேன். ஒன்றரை மில்லிமீட்டர் போயிருக்கும். சாவி சுற்றியது.

அத்தை தேங்காய் எண்ணெயோடு வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். எண்ணெயில் தூசி ஒட்டி உள்ளே பசையாகிவிடும். பென்சில் முனையைத் தேய்த்து அந்தக் கரியைச் சாவியில் தடவிப் போட்டால் போதும்.

வேலை முடிந்தும் அத்தை பழைய சிலிண்டரைக் கையை விட்டு வைக்கவில்லை. பை போன வருத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அத்தை பிறந்தது லயத்தில். அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் இந்த ஊரில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உண்டாக்கினார். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். அத்தையின் அப்பாவும் அப்படிக் கட்டியவர். இந்த வீட்டை மாமா தன் இபிஎப் என்கிற சேமநிதிப் பணத்தைப் போட்டு 1994இல் வாங்கினார்.

"சாவிய மாமா என் கையிலதான் குடுத்தாரு. அப்ப எனக்கு நாப்பத்தோரு வயசு. அது வரைக்கும் எனக்குன்னு ஒரு சாவி கெடையாதும்மா. அந்தச் சாவியத்தான் தொலைச்சிட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பூட்டு வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் சாவி தரையில் சிதறிக் கிடக்கும், தம்பி அதை வைத்து விளையாடுவான். ஒரு சாவிக்காக நாற்பத்தொரு வருடம் காத்திருந்த ஒருவரோடு அதே கூரையின் கீழ் மூன்று வருடம் இருந்தும் நான் கேட்டதில்லையே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. என் கையில் இருந்த பழைய சாவியைச் சிலிண்டரில் போட்டு அத்தையிடமே கொடுத்தேன். இரண்டும் இப்போது சாமி மேடையில் மாமாவின் படத்துக்குக் கீழே இருக்கின்றன. புதுச் சாவியில் ஒன்றை அத்தை கயிற்றில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டார். இனிமேல் பையில் போட மாட்டாராம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். திண்டுக்கல்லில் அப்போது ஆறரை. "எத்தனை லீவரு?" என்றார் எடுத்ததுமே. லீவர் இல்லைப்பா, அஞ்சு பின் என்றேன். மங்கா கதையைச் சொன்னேன். "நம்ம மாங்காய்ப் பூட்டா? அங்கயா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொண்டார். அப்புறம், "போனைப் பூட்டுக்கிட்ட வெச்சுத் திருப்பு, பாப்போம்" என்றார்.

அத்தை எழுந்து வந்து டிவியை நிறுத்தினார். நான் போனைக் கதவில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இன்னொரு தடவ" என்றார் அப்பா.