எலுமிச்சைக் கோழி: பழத்தை எப்போது பிழிவது என்பதுதான் சமையல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாம்பன், மண்டபம், தொண்டி பக்கமெல்லாம் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், ஆனால் விலை கையைக் கடிக்கும். அந்த நாட்களின் இரவுச் சாப்பாட்டுக்கு இந்தக் கோழி கைகொடுக்கும். மசாலா அரைக்க வேண்டாம், வெங்காயம் தக்காளி வேண்டாம்.

நான்கு பேருக்குத் தோலோடு 1 கிலோ கறிக்கோழி, பிரியாணிக்கு வெட்டுகிற மாதிரி பெரிய துண்டுகளாக. நன்றாகப் பழுத்த எலுமிச்சை 3, பூண்டு 12 பல், மிளகு 2 தேக்கரண்டி, முண்டு மிளகாய் (உருண்டை வற்றல்) 4, தூளுப்பு 2 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி. அவ்வளவுதான். வாலிநோக்கம் பக்கத்துக் கல்லுப்பு வைத்திருப்பவர்கள் பொடித்துவிட்டு அளக்கவும். கடற்கரைக் காற்றில் உப்பு நமத்துக் கட்டிப்போயிருந்தால் கரண்டிக் கணக்கு தவறும். முதலில் ஒன்றரைக் கரண்டி போட்டு, மீதியைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்ப்பது நல்லது. புளிப்பு ஏறும்போது உப்பும் தூக்கலாகத் தெரியும்.

எலுமிச்சையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுச் செய்முறைகளில் பழத்தை வட்டமாக நறுக்கித் தோலோடு கோழியில் போட்டு வேகவைப்பார்கள். அது தோல் தடித்த, பெரிய வேறு வகைப் பழம். நம் சந்தையில் கிடைக்கும் சின்ன எலுமிச்சையை அப்படிப் போட்டால் பத்தே நிமிடத்தில் தோலும் விதையும் கசப்பை இறக்கிவிடும். கசந்த கறியைச் சர்க்கரை போட்டு மீட்க முடியாது. அதனால் சாறு மட்டும்தான். பழத்தை உள்ளங்கையால் தரையில் அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டி, மெதுவாகப் பிழிந்து, வடிகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்று மூடியை முறுக்கிப் பிழிந்தால் தோல் எண்ணெய் இறங்கும், அதுவும் கசப்பு. மூன்று பழத்துக்குச் சுமார் 3 மேசைக்கரண்டி சாறு வரும்.

இந்தச் சாற்றில் கோழியை மணிக்கணக்கில் ஊறவைக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. செய்ய வேண்டாம். புளிப்பு மேல்சதையின் புரதத்தை அடுப்பில் ஏற்றும் முன்பே இறுக்கிவிடும். வெந்த பிறகு மேல்பக்கம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வறட்சியாக இருக்கும். போதாததற்கு, ஈரக்கோழி சிவக்கவும் சிவக்காது. உப்பை மட்டும் தடவி முக்கால் மணி நேரம் வைத்தால் போதும். வெயில் காலத்தில் அதையும் ஃபிரிட்ஜில் வைக்கவும். எடுத்ததும் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பின்னால் வரும் எதுவும் சரியாக வராது.

சட்டி அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியம் புளிப்போடு சேர்ந்தால் உலோக வாடை வரும். இரும்புச் சட்டி கறியைக் கறுக்கவைக்கும்.

எண்ணெய் காய்ந்ததும் தோல்பக்கம் கீழே இருக்கும்படி துண்டுகளை அடுக்கி, நடுத்தரத் தீயில் 8 நிமிடம் கை வைக்காமல் விடவும். ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்தால் கிளறக் கூடாது. சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும். திருப்பிப் போட்டு 4 நிமிடம். சட்டி நெருக்கமாக இருந்தால் இரண்டு ஈடாகச் செய்யவும், இல்லையென்றால் வறுபடாமல் தன் நீரிலேயே வெந்துவிடும். கோழியை எடுத்து வைத்து, தேங்கிய கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டியை மட்டும் விட்டு மீதியை வடித்துவிடவும்.

இப்போதுதான் இடித்த பூண்டு, விதையை உதறிய முண்டு மிளகாய், கொரகொரப்பாக இடித்த மிளகில் பாதி. முதலிலேயே போட்டிருந்தால் பூண்டும் மிளகும் கருகியிருக்கும். அரை நிமிடத்தில் வாசம் வந்ததும் கோழியைத் திரும்பப் போட்டு மூடி, சிறு தீயில் 20 நிமிடம். கறிக்கோழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதுவே விடும். நாட்டுக்கோழி என்றால் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி 50 நிமிடமாவது வேகவிடணும். அந்தத் தண்ணீர் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஆக இருக்கட்டும். உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போகும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு வைக்கவும், சிறு தீ அணைந்தாலும் தெரியாது.

15ஆவது நிமிடத்தில் ஒரு மேசைக்கரண்டி சாறு. இது கறிக்குள் இறங்கும் புளிப்பு. 20ஆவது நிமிடத்தில் தொடையில் எலும்பை ஒட்டிக் குத்திப் பார்த்தால் வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ். ரத்தச் சாயல் தெரிந்தால் இன்னும் 5 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து தீயைக் கூட்டி, கறி விட்ட நீர் கால் டம்ளராகச் சுண்டியதும் அடுப்பை அணைக்கவும்.

மூன்று நிமிடம் ஆறவிட்டு, மீதமுள்ள மிளகையும் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றிப் புரட்டவும். எலுமிச்சை வாசம் இந்தக் கடைசிச் சாற்றில்தான் இருக்கிறது. கொதிக்கும்போது ஊற்றினால் வாசம் ஆவியோடு போய்விடும், வெறும் புளிப்பு மிஞ்சும். பழம் கடும் புளிப்பாக அமைந்துவிட்டால் சுண்டைக்காய் அளவு கருப்பட்டியை நுணுக்கிச் சேர்த்தால் சமன்படும்.

சூடான சோறு, இல்லை இடியாப்பம். சாறு கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் காரமும் புளிப்புமாக இருப்பதால் ஒரு தட்டுக்கு இரண்டு கரண்டி போதும்.