அரளிக்கு வெள்ளம் கோரினவள்

நான் குலசேகரத்துக்காரி. எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம், இறைத்து ஊற்றுவதைக் கோருவது என்போம். ஆரல்வாய்மொழிக்குக் கட்டிக்கொடுத்து வந்த புதிதில் "செடிக்கு வெள்ளம் கோரிட்டு வாறேன்" என்றேன், வீடே சிரித்தது. இங்கே வெள்ளம் என்றால் நிஜமான வெள்ளம்தான். அதுவும் ஐப்பசியில் வந்தால் உண்டு.

ஒரே மாவட்டம்தான், நாகர்கோவிலில் ஒரு பஸ் மாறினால் போதும். ஆனால் மேற்கே கொட்டித் தீர்க்கிற இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இந்த ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வரும்போது வெறும் காற்றாகிவிடுகிறது. முப்பந்தல் காற்றாலைகளுக்கு அது கொண்டாட்டம். என் மூன்று ரோஜாவும் அம்மா தந்துவிட்ட பிச்சிக்கொடியும் ஒரே ஆனி மாதத்தில் இலை ஓரம் கருகிப் போய்ச் சேர்ந்தன.

"அரளி வை பிள்ள, இந்தக் காத்துக்கு அதுதான் நிக்கும்" என்றார் அத்தை. எனக்கு மனசே இல்லை. விஷச்செடியை யாராவது முற்றத்தில் வைப்பார்களா? அத்தை என்னிடம் அனுமதி கேட்கவில்லை. 2019 ஐப்பசியில் தோவாளையில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து நான்கு கம்பு ஒடித்து வந்தார், வெள்ளை இரண்டு, ரோஸ் இரண்டு. ஒரு சாண் நீளம், பென்சில் கனம். அடி இலைகளை உருவிவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில் போட்டு வைத்தோம். மூன்று வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. மதில் ஓரம் ஆறடிக்கு ஒன்றாக நட்டோம்.

அதற்குப் பிறகு கெடுத்தது நான்தான். காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். போதாததற்கு யூரியா. செடி கிடுகிடுவென்று ஆள் உயரம் வந்தது. ஒரு மொட்டு இல்லை. இளந்தளிரெல்லாம் மஞ்சள் அசுவினி, மஞ்சள்பொடி தூவியது மாதிரி. சத்து ஏறிக் கொழுத்த தளிர் என்றால் அந்தப் பூச்சிக்கு விருந்து. அடுத்த ஆனிக்காற்றில், உச்சி கனத்த வெள்ளை அரளி ஒன்று வேரோடு சாய்ந்து மதிலில் தலைவைத்துப் படுத்துவிட்டது.

அத்தை ஒன்றும் பேசவில்லை. வெட்டுக்கத்தியை எடுத்து நான்கையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினார். சாய்ந்ததை நிமிர்த்தி மண் அணைத்தார். "இனி குடத்தைத் தொட்டியானா பாரு" என்று ஒரு எச்சரிக்கை. எனக்கு அழுகை வந்தது என்பதை இப்போது சொல்லலாம்.

அரளி புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கும். ஒரு கம்பை வெட்டினால் மூன்று கிளை வரும், மூன்று நுனி. இந்தக் கணக்கு அத்தைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் வேர் நனைய ஒரே மூச்சில் ஊற்றுவது. இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு அதையும் விட்டாச்சு. மாசியிலிருந்து பூ தள்ள ஆரம்பித்தால் காற்றுக்காலம் முழுக்க நிற்காது.

பெரியவள் பிளஸ் டூ படிக்கும்போது, லேபில் அரளி இலையைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தாள். இலையின் அடிப்பக்கம் சின்னச் சின்னக் குழிகளாம். மூச்சு விடுகிற துளைகள் அந்தக் குழிக்குள், ரோமத்துக்கு நடுவே ஒளிந்திருக்குமாம். காற்று நேராக வந்து ஈரத்தை உறிஞ்ச முடியாது. மேலே மெழுகு பூசின மாதிரித் தோல் வேறு. காவல்கிணறு தாண்டி நாற்கரச் சாலை நடுவில் அரளியாக நட்டு வைத்திருப்பதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆடும் மாடும் கடிக்காது என்பது இன்னொரு காரணம்.

கடிக்காது என்று நம்பிவிடவும் கூடாது. இலை, தண்டு, பூ, பால், எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். காய்ந்தாலும் விஷம் போகாது. கழித்த கிளையை நான் வெளியே போடுவதில்லை, எரிப்பதும் இல்லை, புகையும் ஆகாது. கொல்லையில் குழிவெட்டி மூடிவிடுவேன். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் கம்பு கேட்டால் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்த விஷத்தையே தின்று வளர்கிற விருந்தாளியும் உண்டு, கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. அதன் கூட்டுப்புழு வெள்ளிப் பூச்சு போட்ட ஜிமிக்கி மாதிரி இலைக்கு அடியில் தொங்கும். அது தொங்குகிற கிளையை அத்தை வெட்டவிட மாட்டார்.

வெள்ளைப் பூ காலையில் சுடலைமாடனுக்குப் போகிறது. தோவாளை மாணிக்கமாலைக்கும் வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலைதான் சரக்கு. இதழை மடித்து மடித்து, பாய் மாதிரித் தட்டையாகக் கட்டுகிற கை எல்லோருக்கும் வராது. 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக்காட்டியபோது அத்தை, "அப்போ நம்ம பூவுக்கும் வெலை கூடுமா?" என்றார். தோவாளைப் பூச்சந்தைக்குச் சேலத்திலிருந்து மூட்டை மூட்டையாக அரளி வந்து இறங்குகிறது. நம் நாலு செடியை யார் கேட்கப் போகிறார்கள்.

போன வருஷம் அம்மா ஆசைப்பட்டாள் என்று இரண்டு கம்பு குலசேகரத்துக்குக் கொண்டுபோய் நட்டேன். ரப்பர் நிழல், விடாத மழை. நேற்று போனில் அம்மா: "மக்களே, இலைதான் காடுமாதிரி நிக்குது, பூ ஒண்ணையும் காணல்ல. கொஞ்சம் வெள்ளம் கூட்டி விடட்டா?"