திறந்தவெளியில் 14 மாதம் நின்ற கார்

முதல் முறை காரை வெளியில் விட்டுவிட்டுப் போனபோது நான் செய்த ஒரே ஏற்பாடு ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாய். நான்கு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு சொட்டு மழைகூட இறங்காது என்ற நிம்மதியில் கிளம்பினேன். 11 மாதம் கழித்து வந்து அவிழ்த்தால், தார்ப்பாயின் உள்பக்கம் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. கதவுகளின் அடிவிளிம்பில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது, கயிறு உரசிய இடமெல்லாம் பளபளப்புப் போய்விட்டது, கார்பெட் முழுக்கப் பூஞ்சை. பார்க்கவே வயிறு எரிந்தது.

மழை நனைத்தால் வெயிலும் காற்றும் காயவைத்துவிடும். வெளியேற வழியில்லாமல் தேங்குகிற ஈரம்தான் தகட்டைத் தின்கிறது. நான் நிறுத்தியிருந்தது புல்தரையில். மண்ணிலிருந்து கிளம்பிய ஈரம் தார்ப்பாய்க்குள் மாட்டிக்கொண்டு, இரவில் குளிர்ந்து தண்ணீராகிக் காரின் மேலேயே இறங்கியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும், உள்ளே எப்போதும் அதைவிட அதிகமாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் அடுத்த முறை 14 மாதம் நிறுத்த வேண்டி வந்தபோது முதலில் தரையைக் கவனித்தேன். சிமெண்ட் தளம் கிடைக்கவில்லை. மண்ணின் மேல் கனமான பாலிதீன் ஷீட் விரித்து, அதன்மேல் ஜல்லி பரப்பி, லேசான சரிவில், மரம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். பறவை எச்சமும் மரப்பிசினும் பெயின்ட்டை அரிப்பது ஒரு பக்கம், இலைகள் செய்கிற கெடுதல் அதைவிடப் பெரிது.

முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழைநீர் வடிய வழி உண்டு, இலை மக்கி அதை அடைத்துவிட்டால் தண்ணீர் நேராகக் காருக்குள் இறங்கும். போன முறை தார்ப்பாய்க்குள் வடிந்த தண்ணீர் இப்படி இறங்கித்தான் கார்பெட் பூஞ்சை பூத்தது என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். கதவுகளின் அடியிலும் அதேபோல் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கின்றன, வருஷக்கணக்கில் கார் ஓட்டியும் அவை இருப்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்தேன் (கம்பி வேண்டாம், உள்ளே பெயின்ட்டைக் கீறிவிடும்). ஒரு கதவிலிருந்து மட்டும் ஒரு டம்ளர் அளவுக்குக் கருப்புத் தண்ணீர் வந்தது.

அப்புறம் அடிப்பாகம் உட்பட நன்றாகக் கழுவி, கதவு, பானெட் எல்லாவற்றையும் திறந்து ஒரு நாள் முழுக்க வெயிலில் உலரவைத்து, வாக்ஸ் போட்டேன். கதவுகளின் உட்குழிவுகளுக்கு மெழுகு ஸ்பிரே அடித்தேன். கவர் இந்த முறை ஈரத்தை வெளியே விடுகிற, உள்பக்கம் மெத்தென்ற துணிக் கவர். அழுக்குக் காரின் மேல் கவர் போடவே கூடாது, காற்றில் அது ஆடும்போது தூசி உப்புத்தாளாக மாறிவிடும்.

மெக்கானிக்கல் வேலை அரை நாளில் முடிந்தது. பழைய எஞ்சின் ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும் என்பதால் புது ஆயில் மாற்றினேன். டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, அது எஞ்சின் வரை போய்ச் சேரச் சிறிது தூரம் ஓட்டினேன். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்தேன். டயரில் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டினேன். ஹேண்ட்பிரேக் போட்டுவைத்தால் பிரேக் ஒட்டிக்கொள்ளும், எனவே அதை விடுவித்துவிட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். எலி புகாமலிருக்க சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வழியிலும் கம்பிவலை அடைத்து, ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டும் கட்டினேன். வலையை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்துவிடக் கூடாதே.

கிளம்பும்போது தம்பி கேட்டான், "அண்ணா, பேட்டரியை மாட்டி வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடட்டுமா?" வேண்டவே வேண்டாம் என்றேன். அஞ்சு நிமிஷத்தில் எஞ்சின் சரியாகச் சூடேறாது, சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை நல்ல வெயில் நாளில் கவரை எடுத்துக் காரை உலரவிடச் சொன்னேன், பேட்டரியையும், சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்ட பிறகும் 12.6 வோல்ட் காட்டுகிற அளவுக்கு, முழுதாகச் சார்ஜ் போடச் சொன்னேன். பாவம், ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

திரும்பி வந்ததும் வலைகளை எடுத்து, ஆயில், கூலன்ட், காற்று எல்லாம் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிரேக் டிஸ்க்கில் படிந்திருந்த செந்துரு முதலில் கரகரத்தது, மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விட்டது. டயர் ஒரே இடத்தில் அழுந்தியிருந்ததால் வந்த அதிர்வும் கொஞ்ச தூரத்தில் அடங்கியது. வைப்பர் ரப்பர் மட்டும் விறைத்துப்போய் மாற்ற வேண்டியிருந்தது. கார்பெட்டில் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

துரு ஒரே ஒரு இடத்தில்தான். முன் சக்கரத்துக்கு மேலே கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்திருந்ததை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன், அது விரல்நுனி அளவுக்குப் பரவியிருந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொரு கீறல், கிளம்புவதற்கு முன் அதற்கு மட்டும் டச்-அப் பெயின்ட் வைத்திருந்தேன், அது வைத்தது வைத்தபடியே இருந்தது.